பக்கத்துப் பல்

சங்கீதாவுக்கு அப்போது பதினொரு வயது. இடது கன்னம் கொய்யாக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. என் பல் கிளினிக் நாற்காலியில் சாய்ந்து, அம்மாவின் முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

அம்மா ஈஸ்வரி ஜீப்பிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். கூடலூரிலிருந்து விடியுமுன் மலையேறி, குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்குகிறவள். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருக்கும். கிராம்பு எண்ணெய் வாடையே நிரந்தரமாகிப் போன என் அறையில், அவள் நுழைந்ததும் பச்சை ஏலக்காய் மணத்தது.

அப்பா தங்கராசு கதவோரம் நின்றார். மார்க்கெட்டில் வாழைத்தார் ஏற்றி இறக்குகிறவர். துண்டைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை.

சங்கீதாவின் வாயைத் திறந்து பார்த்தேன். கீழ் இடது கடைவாயில், ஆறு வயதில் முளைக்கிற முதல் நிரந்தரப் பல். அதன் முன்பக்கச் சுவரே இல்லை. உள்ளே சீழ்.

"ஏம்மா, இது சாகுற வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு. பிள்ளைக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"தினம் குடுக்கலங்க டாக்டரம்மா. குமுளியில உடைஞ்ச சாக்லேட்டப் பொட்டணம் போட்டு விப்பாக. சனிக்கிழமைக்கு சனிக்கிழமை ஒண்ணு வாங்கியாருவேன். அம்புட்டுத்தான்."

"அதான் பாருங்க. நீங்களே உங்க பிள்ளை பல்லைக் கெடுத்துட்டீங்க."

தங்கராசு மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டியா? டாக்டரம்மா சொல்றாகள்ல, கேட்டுக்க."

ஈஸ்வரி முந்தானையைப் பிடித்திருந்த மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த வாரத் தொடரை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது பொய். சொல்லும்போதே பாதி தெரியும்.

கைராசி

பெரியகுளத்திலிருந்து கூடலூருக்கு வந்து கிளினிக் திறந்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சிலர் கூப்பிட்டார்கள். "உங்களுக்குக் கைராசி டாக்டர். நீங்க அடைச்ச பல்லு எனக்கு இன்னும் இருக்கு" என்று சின்னமனூரிலிருந்து ஒருவர் சொன்னார். சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு சங்கீதாவின் கன்னம் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் ஆடி மாதக் காற்று எல்லாவற்றையும் அசைத்துப் பார்க்கும். கிளினிக்கின் தகர போர்டை இரண்டு தடவை பிடுங்கி எறிந்திருக்கிறது. ஆனால் நான் அடைத்த அடைப்பு விழுந்தது என்று ஒருவர் திரும்பி வந்தால் எனக்கு அன்று சோறு இறங்காது. அதுதான் என் கர்வம். கடைவாய்ப் பல்லுக்கு வெள்ளி, அதுதான் நிற்கும் என்று கல்லூரியில் எங்கள் பேராசிரியர் மேசையைத் தட்டிச் சொல்வார். நான் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளி என்பது ஊர் வழக்கு. வெள்ளித் தூளும் பாதரசமும் சேர்ந்த கலவை. இறுகினால் கல். இன்னொன்று சிமெண்ட். பொடியும் திரவமும் சேர்த்துக் குழைத்து வைப்பது. பல்லின் நிறத்திலேயே இருக்கும். ஆனால் மெல்லும்போது தேயும், ஓரம் உடையும். சங்கீதாவுக்கு முதன்முதலாகப் பல் அடைத்தபோது இரண்டுமே என் அலமாரியில் இருந்தன.

வெள்ளியா, சிமெண்டா

அப்போது அவளுக்கு ஏழு வயது. கீழ் இடது பக்கம், பால்பற்களில் கடைசியாக இருப்பதில் ஒரு குழி. அதற்குப் பின்னால், அதை ஒட்டிக்கொண்டு, அந்த வருடம்தான் முளைத்து முடிந்த புது நிரந்தரப் பல். குழி இருந்ததோ இரண்டு பல்லும் உரசுகிற இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மட்டும்தான் ஈஸ்வரிக்கு மலை கிடையாது. எனக்கோ அன்றைக்குத்தான் கூட்டம். வெளியே பெஞ்சில் இடமில்லாமல் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை அழுதது. "வலிக்காதுத்தா, செத்த நேரந்தான்" என்று ஈஸ்வரி அவள் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

குடையத் தொடங்கும்முன் இரண்டு பல்லுக்கும் நடுவில் மெல்லிய உலோகப் பட்டை ஒன்றைச் செருகலாம். பக்கத்துப் பல்லில் கருவி படாமல் காக்கும். எடுத்து வைத்திருந்தேன். செருகவில்லை. அழுகிற பிள்ளைக்கு இன்னொரு சாமானை வாய்க்குள் விட வேண்டுமா என்று நினைத்தேன். அது அப்போது சொல்லிக்கொண்ட சாக்கு. உண்மையில் அவசரம்.

சங்கீதா தலையைத் திருப்பினாள். ஒரு நொடி. கருவியின் சத்தம் மாறியது. பல் வைத்தியம் பார்க்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். புதுப் பல்லின் முன்பக்கத்தில் நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு.

எனக்கு உதவியாக இருந்த ஜெயமேரி ராயப்பன்பட்டிக்காரி, கூடலூரில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட நாலு வயது மூத்தவள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பிள்ளையின் வாயைப் பார்த்தாள்.

"டாக்டர், சிமெண்ட் குழைக்கவா, வெள்ளி குழைக்கவா?"

"வெள்ளி" என்றேன்.

அவள் கேட்ட கேள்வியில் வேறு எதுவும் இருந்ததா, தெரியாது. தினமும் கேட்கிற கேள்விதான். நான் சொன்னதும் தினமும் சொல்கிற பதில்தான்.

அடைத்து முடித்து, அவளுடைய சிகிச்சை அட்டையில் எழுதினேன். எந்தப் பல், என்ன அடைப்பு, எல்லாம் எழுதினேன். கீறலை எழுதவில்லை. ஈஸ்வரியிடமும் சொல்லவில்லை. "நல்லா பிரஷ் பண்ணச் சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

பால்பல் விழுந்தது

நாலு வருடம் கழித்து அந்தப் பால்பல் தானாக ஆடி விழுந்தது. விழுந்த பிறகுதான் அது இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பக்கத்துப் பல்லின் குழி வெளியே தெரிந்தது. அதற்குள் வீக்கமும் வந்துவிட்டது. அப்போதுதான் மூன்று பேரும் என் முன்னால் நின்றார்கள்.

ஈஸ்வரி ஒரு தாளில் மடித்து அந்தப் பால்பல்லைக் கொண்டுவந்திருந்தாள். நான் வைத்த வெள்ளி அதில் அப்படியே இருந்தது. ஓரம்கூட விடவில்லை. என் அடைப்பு நின்றிருந்தது. அதை உரசிக்கொண்டிருந்த பல் போய்விட்டது.

குழி எங்கே இருந்ததென்று பார்த்தவுடனேயே தெரிந்தது. கீறல் இருந்த அதே இடம். மற்ற மூன்று மூலையிலும் அதே வயதில் முளைத்த பற்கள் சொத்தையில்லாமல் இருந்தன. சாக்லேட்தான் காரணம் என்றால் அவற்றில் ஒன்றாவது கெட்டிருக்க வேண்டாமா? இந்தக் கணக்கு என் மனதில் ஓடியது. ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் வாய் அந்த வாக்கியத்தைச் சொன்னது.

வேர் சிகிச்சை செய்து காப்பாற்றிப் பார்க்கலாம், ஐந்தாறு தடவை வர வேண்டும் என்றேன். தங்கராசு மறுத்துவிட்டார். "இவ மலைக்குப் போயிருவா, நான் லோடு ஏத்தப் போயிருவேன். யாரு கூட்டியாருறது? பிடுங்கி விட்ருங்க."

வீக்கம் வடிந்த பிறகு பிடுங்கினேன்.

அவர்கள் போனதும் ஜெயமேரி கருவிகளைக் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தம்மாவ அவுக வீட்டுக்காரர் முன்னாடி வச்சு அம்புட்டு பேசிருக்க வேணாம் டாக்டர்."

"பிள்ளைக்கு இனிப்பைக் குடுத்தா பேசாம என்ன செய்வாங்க?"

அவள் குழாயை மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. வேலையை விட்டுப் போகிறவரைக்கும் எடுக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து, ஈஸ்வரியோடு ஜீப்பில் போகிற ஒரு பெண் பல் காட்ட வந்தாள். பேச்சுவாக்கில் கேட்டேன்.

"ஈஸ்வரியா? அவ இப்ப மலைக்கு வர்றதில்லங்க. பிள்ளைய ஒழுங்காப் பாக்க வக்கில்ல, மலையில என்ன வேலைன்னு அவ வீட்டுக்காரரு நிறுத்திப்புட்டாக. ஜீப்புல அவ இல்லாம ஒரு கலகலப்பும் இல்ல. சூப்பர்வைசர் மாதிரியே பேசிக் காமிப்பா. வயிறு வலிக்கச் சிரிப்போம்."

நான் ஊசியைத் தயார் செய்துகொண்டிருந்தேன். "வாயைத் திறங்க" என்றேன்.

மதுரையில் ஒரு மத்தியானம்

அதற்கும் சில வருடங்களுக்குப் பிறகு, மதுரையில் ஒரு ஹோட்டல் மாடியில் பல் மருத்துவர்கள் கூட்டம். அந்த மாதிரிக் கூட்டங்களுக்கு நாங்கள் போவது பாதி படிப்புக்கு, பாதி சாப்பாட்டுக்கு. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் செருகுகிற நேரத்தில் ஒரு சின்ன வயதுப் பெண் மருத்துவர் பேச வந்தார்.

திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பற்களின் படம். "நாம எப்பவும் அடைக்கிற பல்லைத்தான் பாக்கறோம். கொஞ்சம் பக்கத்துப் பல்லையும் பாக்கலாமா?" என்று ஆரம்பித்தார்.

சிமெண்ட் அடைப்பிலிருந்து ஃப்ளூரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. அது அடைத்த பல்லுக்கு மட்டும் போவதில்லை, அதை உரசி நிற்கிற பல்லின் சுவருக்கும் போகிறது. குழந்தைகளுக்குப் பால்பல்லில் இதை வைத்தால், ஒட்டி முளைத்த புதுப் பல்லில் சொத்தை விழுவது குறைகிறது. வெள்ளி அப்படி எதுவும் கொடுப்பதில்லை. அது உறுதியாக நிற்கும், அவ்வளவுதான். இதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். பிறகு இன்னொரு படம். பக்கத்துப் பல்லில் ஒரு வெள்ளைக் கோடு.

"குடையும்போது பக்கத்துப் பல்லில் படுவது நாம ஒத்துக்கிறதைவிட ரொம்ப அதிகம். பட்ட இடம் சொரசொரப்பாகும். அழுக்கு தங்கும். அப்புறம் சொத்தை. அந்தச் சொத்தைக்கு நாம பேஷன்ட்டைத் திட்டுவோம்."

அரங்கில் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றைக்குச் சிமெண்ட் வைத்திருந்தால் அந்தப் பல் நிச்சயம் பிழைத்திருக்குமா? சொல்ல முடியாது. பட்டையைச் செருகியிருந்தால்? பிழைத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சாக்லேட்டுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் பழி முழுவதையும் தூக்கி ஒருத்தி தலையில் வைத்தேனே, அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

திரும்பி வரும்போது தேனி தாண்டியதும், நாளைக்கே ஈஸ்வரி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கம்பம் வந்தபோது, அடுத்த ஞாயிறு என்று ஆனது. கூடலூரில் இறங்கும்போது, இத்தனை வருடம் கழித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது.

தங்கராசு வந்தார்

சொல்லாததற்கு வாய்ப்பு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. வாய்ப்பு தானாக நடந்து வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தது.

தங்கராசுவுக்குக் கடைவாயில் வலி. முடி நரைத்திருந்தது. உட்கார்ந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"எங்க பரம்பரைக்கே பல்லு நோவு கெடையாதுங்க. எங்கப்பா கரும்பக் கடிச்சுத் திம்பாக, கடைசி வரைக்கும். எம்மகளுக்குத்தான் சின்னதுலயே போச்சு. எல்லாம் அவ ஆத்தா பண்ணுன வேல. நீங்கதான் அன்னிக்கே சொன்னீகளே."

அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். வெளியே பெஞ்சில்கூட யாரும் இல்லை. "இல்லைங்க தங்கராசு, தப்பு என் மேல" என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"இப்பவும் சொல்லிக் காமிப்பேன்" என்று அவர் சிரித்தார். "பிள்ளைக்குக் காச்சல்னாலும் சொல்லுவேன், பரீச்சையில மார்க்கு கொறஞ்சாலும் சொல்லுவேன். பல்லக் கெடுத்தவ தானடின்னு. வாயத் தொறக்க மாட்டா."

விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேராக வைத்தேன். அவர் வாயைத் திறந்தார். அதற்குப் பிறகு அவர் பேசுவதற்கில்லை. நானும் பேசவில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருடம் அவர் இறந்துபோனார். மார்க்கெட்டில் தார் இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை என்றார்கள். நான் துக்கத்துக்குப் போகவில்லை. அன்று கிளினிக்கைத் திறந்துவைத்து, வந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தேன்.

யாழினியின் பல்

சில மாதங்களுக்கு முன்னால் சங்கீதா வந்தாள். இப்போது அவள் கம்பத்தில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். கையைப் பிடித்துக்கொண்டு அவள் மகள் யாழினி, ஏழு வயது. பால்பல்லில் குழி. கடைசிப் பால்பல். ஒட்டிக்கொண்டு புதுப் பல்.

"ஸ்கூல் விட்டா யார்கிட்ட இருக்கா?" என்று கேட்டேன்.

"டியூஷன் வீட்ல விட்ருவேன் டாக்டர். ஏழு மணிக்கு நான் வந்து கூட்டிக்குவேன்."

"பாவம், அவ்வளவு நேரமா? உங்க அம்மா பக்கத்துத் தெருவிலதானே இருக்காங்க?"

"அம்மாகிட்ட விடுறதில்ல." மகளுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "இனிப்பக் குடுத்துப் பல்லக் கெடுத்துரும். எனக்குப் பண்ணுனது போதாதா?"

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டு பல்லுக்கும் நடுவில் பட்டையைச் செருகினேன். யாழினி அழுதாள், அழுது முடியும்வரை காத்திருந்தேன். மெதுவாகக் குடைந்தேன். சிமெண்ட் குழைத்து வைத்தேன். இறுகுகிறவரைக்கும் எச்சில் படாமல் பஞ்சை மாற்றி மாற்றி வைத்தேன். இது ஓரம் உடையலாம், உடைந்தால் திரும்ப வைப்போம் என்று சொன்னேன். பிறகு பிள்ளையை வெளியே மீன்தொட்டி பார்க்க அனுப்பிவிட்டு, சங்கீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீறல், வெள்ளி, அட்டையில் எழுதாதது, அவள் அப்பாவின் முன் சொன்னது, அவர் தனியாக வந்தபோது சொல்லாதது.

அவள் நாக்கு இடது கன்னத்துக்குள் போனது. பல் இல்லாத இடத்தைத் தடவுகிறாள் என்று தெரிந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பெறகு என்ட்ட வந்து என்னத்துக்குச் சொல்றீக?" குரல் உடைந்துவிட்டது. "சண்டை வந்தா நானும் அதத்தான் சொல்லுவேன் டாக்டர். நீதான என் பல்லக் கெடுத்தன்னு. எத்தன தடவ சொல்லிருப்பேன்! அப்பா சொல்லிச் சொல்லி, எனக்கும் அதே வாயில வந்துரும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம வாங்க. நானும் வாரேன். அம்மா மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை

ஈஸ்வரியின் வீடு ஓட்டு வீடு. உள்ளே தங்கராசுவின் படம், அதில் காய்ந்த மாலை. ஈஸ்வரிக்கு ஐம்பதுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். முட்டி வலியால் சுவரைப் பிடித்து நடந்தாள். கையில் கறை இல்லை. வெளுத்த, சுத்தமான விரல்கள்.

"டாக்டரம்மா எம்புட்டுத் தூரம்? பிள்ளைக்கு என்னமும் ஆயிருச்சா?" என்று பதறினாள்.

"ஒண்ணும் இல்ல. நான் உங்ககிட்டதான் பேச வந்தேன்."

சொன்னேன். இந்தத் தடவை மருத்துவ வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. "கருவி பக்கத்துப் பல்லில பட்டுச்சு. எனக்குத் தெரியும். அதுதான் கெட்டுச்சு. நீங்க கெடுக்கல. தெரிஞ்சுக்கிட்டே உங்க மேல பழியைப் போட்டேன்."

ஈஸ்வரி கோபப்படவில்லை. நான் சொன்னதை ஒருதரம் உதட்டால் மட்டும் சொல்லிப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

"அவுக இருக்கும்போது வந்து சொல்லிருக்கக் கூடாதா டாக்டரம்மா? சாகுற அன்னிக்குக் காலையிலகூட அதச் சொல்லித்தான் வஞ்சாக. காப்பியில சீனி தூக்கலா இருந்துச்சுன்னு."

"மன்னிச்சிருங்க ஈஸ்வரி."

சங்கீதா அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஈஸ்வரி அவள் தலையில் கை வைத்தாள். கை அசையாமல் அப்படியே இருந்தது.

இப்போது பள்ளிக்கூடம் விட்டால் யாழினி அம்மாச்சி வீட்டுக்குத்தான் போகிறாள். அது எனக்குத் தெரியும், அந்தத் தெரு வழியாகப் போகும்போது பார்க்கிறேன். ஈஸ்வரி பல் காட்டக் கம்பத்துக்குப் போகிறாள், என்னிடம் வருவதில்லை என்பதும் தெரியும். அதுதான் நியாயம்.

அன்று நான் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் மேற்கே மலை தெளிவாகத் தெரிந்தது. பின்னாலிருந்து ஈஸ்வரி கூப்பிட்டாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல்.

"அப்ப நான் மலைக்குப் போயிருக்கலாம்ல டாக்டரம்மா?"

"போயிருக்கலாம் ஈஸ்வரி" என்றேன்.